ஷார்ட் எங்கேன்னு போர்டைக் கேளுங்க, பக்கத்துல இருக்கறவங்களை இல்ல

(ஒலிவடிவத்தில் வந்த எபிசோடைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியிருக்கிறோம்.)



போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, மூணு நாளா உட்கார்ந்து சால்டர் பண்ணின போர்டு. பவர் குடுத்த உடனே அடாப்டர் லைட் அணைஞ்சிடுது. எங்கேயோ ஷார்ட். எங்கேன்னு தெரியல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா பண்ணிடலாமா?"

தம்பி, தூக்கிப் போடாதீங்க. அந்த மூணு நாள் உழைப்பு அப்படியே இருக்கு. எங்கேயோ ஒரே ஒரு இடத்துல ரெண்டு உலோகம் தொட்டுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். அதைத் தேடிப் பிடிக்க ஒரு வரிசை இருக்கு. அந்த வரிசையை நான் ஒழுங்காகக் கத்துக்கிட்டது ஒரு ராத்திரியில. அன்னைக்கு ஒரு தப்பும் பண்ணினேன். ரெண்டையும் சேர்த்துத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள்

இன்ஜினியரிங் ஃபைனல் இயர். நானும் என் கிளாஸ்மேட் ஒரு பொண்ணும் சேர்ந்து ஒரு புராஜெக்ட். மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணி விடுற சிஸ்டம். மண்ணுல ஈரம் குறைஞ்சா ரிலே போட்டு 12 வோல்ட் பம்பை ஓட்டும், வைஃபை வழியா போனுக்குத் தகவல் அனுப்பும். எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சாமான். ஒரு டாட் போர்டு, அதுல ஏடிமெகா 328, வைஃபைக்கு ஈஎஸ்பி-01.

பவர் வர்றது 12 வோல்ட் அடாப்டர்ல இருந்து. அதை 5 வோல்ட் ஆக்க ஒரு 7805. ஈஎஸ்பிக்கு 3.3 வோல்ட் வேணும், அதுக்கு ஒரு எல்எம்317. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

சால்டரிங் முழுக்க அவங்க கை. போர்டைத் திருப்பிப் பார்த்தா ஒவ்வொரு புள்ளியும் சின்னக் கூம்பு மாதிரி பளபளன்னு இருக்கும். என் கை அப்படி இல்ல. நான் புரோகிராமும் மெக்கானிக்கல் வேலையும் பார்த்தேன்.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு மாற்றம் பண்ணினோம். வைஃபை அடிக்கடி ரீசெட் ஆகுதுன்னு அவங்க ஈஎஸ்பி பக்கத்துல 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு சேர்த்தாங்க. ரெகுலேட்டர் ரெண்டும் தொட முடியாத அளவுக்குச் சுடுதேன்னு நான் ஒரு அலுமினிய ஹீட் சிங்க் எடுத்து, ரெண்டையும் அதுல ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். 12 வோல்ட்ல இருந்து 3.3-க்கு இறங்கும்போது மீதி 8.7 வோல்ட் சூடாத்தான் போகணும். 0.3 ஆம்பியர் இழுத்தா 2.6 வாட். ஹீட் சிங்க் தேவைதான், தப்பில்ல.

பவர் குடுத்தோம். அடாப்டர்ல இருந்த பச்சை எல்இடி மினுக் மினுக்குன்னு அடிச்சுது. போர்டு எழுந்திரிக்கவே இல்ல.

மீட்டரை எடுத்தேன். 3.3 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வச்சேன். பீ...ப்.

நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "நீதானே இப்போ அந்தக் கெப்பாசிட்டரைப் போட்டே? சால்டர் எங்கேயோ ஒட்டியிருக்கு."

அவங்க பார்த்தாங்க. ஒண்ணும் தெரியல. நான் விடல. கெப்பாசிட்டரைக் கழட்டினேன், பீப் நிக்கல. பக்கத்து ஜாயின்டைக் கழட்டினேன், பீப் நிக்கல. அயர்னை ரொம்ப நேரம் வச்சதுல செப்புப் புள்ளி ரெண்டு உரிஞ்சு வந்துடுச்சு. அவ்வளவு அழகான வேலையை நான் குதறி வச்சிருந்தேன். ஒன்பதரை மணிக்கு அவங்க பையை எடுத்துக்கிட்டு, "எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பினாங்க. வேற ஒரு வார்த்தை பேசல.

கதையை இங்கே நிறுத்துறேன். அதுக்கப்புறம் நான் பண்ணினதை, முதல்லேயே பண்ணியிருக்க வேண்டிய வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல: பவரை எடுங்க, எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்

ஷார்ட்னா என்ன? மின்சாரம் வேலை செய்யுற பாதையை விட்டுட்டு, குறுக்குச் சந்து வழியா நேரா கிரவுண்டுக்குப் போயிடுது. அந்தச் சந்தோட தடை 0.2 ஓம்னு வச்சுக்குங்க. ஓம் விதிப்படி 5 வோல்ட்டை 0.2-ஆல் வகுத்தா 25 ஆம்பியர். உங்க அடாப்டரால அவ்வளவு குடுக்க முடியாது, அதனால மூச்சுத் திணறி மினுக்குது. அதுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு தன்னைக் காப்பாத்திக்குது.

"இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே"ன்னு கை துறுதுறுங்கும். போடாதீங்க. முதல் தடவை தப்பிச்ச பாகம் மூணாவது தடவையில போயிடலாம். அப்புறம் ஷார்ட்டும் இருக்கும், செத்த ஐசியும் இருக்கும், எது எதனாலன்னு பிரிக்கவே முடியாது.

ரெண்டு எச்சரிக்கை. உங்க போர்டு லித்தியம் பேட்டரியில ஓடினா, முதல் வேலையா பேட்டரியைக் கழட்டி தூர வைங்க. 18650 மாதிரியான செல்லுக்கு அடாப்டர் மாதிரி மினுக்கி நிக்கத் தெரியாது. இருக்கிற கரண்ட் எல்லாத்தையும் கொட்டிடும், தீப்பிடிக்கும். அடுத்தது, 230 வோல்ட் நேரா வர்ற போர்டா இருந்தா நான் இன்னைக்குச் சொல்ற எதையும் அதுல பண்ணாதீங்க. அதை அனுபவமுள்ளவர் பக்கத்துல உட்கார்ந்துதான் கத்துக்கணும்.

கண்ணால பார்க்கிறது

டாட் போர்டுல ஒரு துளையோட மையத்துக்கும் அடுத்த துளையோட மையத்துக்கும் 2.54 மில்லிமீட்டர். செப்பு வளையத்தைக் கழிச்சா மிச்ச இடைவெளி ரொம்பக் கொஞ்சம். சால்டர் வழிஞ்சு அதைத் தாண்ட ஒரு நொடி போதும்.

பழைய டூத் பிரஷ்ல ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு அடிப்பக்கத்தைத் தேயுங்க. பழுப்பு ஃப்ளக்ஸ் போனாத்தான் அதுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கிற மெல்லிய பாலம் தெரியும். நல்லாக் காயவிட்டு, போன் டார்ச்சைப் போர்டுக்குப் பின்னாடி பிடிங்க. ரெண்டு புள்ளிக்கு நடுவுல வெளிச்சம் வரணும். வராத இடம் நாம வேணும்னே இணைச்சதா, தானா இணைஞ்சதா? போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பார்த்தா லென்ஸ் கூட வேண்டாம்.

வழக்கமான சந்தேகப் பேர்வழிகள் இவங்கதான்:

- வெட்டாம விட்ட நீளக் கால், வளைஞ்சு பக்கத்துப் புள்ளியைத் தொடுறது.
- வெட்டின காலோட துண்டு, மேல்பக்கம் ஏதோ பாகத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு இருக்கிறது.
- மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர்ல இருந்து பிரிஞ்சு நிக்கிற ஒத்தை இழை.
- அயர்ன் பட்டு உருகின ஒயர் தோல், அடியில செம்பு வெளியே தெரியுறது.
- தலைகீழா மாட்டின ஐசி, திருப்பிப் போட்ட டயோடு, ப்ளஸ் மைனஸ் மாறின எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்.

ஏடிமெகா 328-ல 7-ஆவது கால் விசிசி, 8-ஆவது கால் கிரவுண்டு. ரெண்டும் அடுத்தடுத்து! அங்கே ஒரு துளி வழிஞ்சா நேரடி ஷார்ட். அதனால நீங்க எந்த ஐசி போட்டாலும், பவர் காலும் கிரவுண்டு காலும் எங்கே நெருங்கி வருதோ அங்கேதான் முதல் பார்வை போகணும்.

எங்க போர்டுல? ஒண்ணுமே இல்ல. எல்லா இடைவெளியிலயும் வெளிச்சம் வந்துச்சு. அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்னு அங்கேயே புரிஞ்சிருக்கணும்.

மீட்டர் பீப் அடிச்சா அது முழு உண்மை இல்ல

கன்டினியூட்டி பீப் ஒரு வசதி, அவ்வளவுதான். பல மீட்டர்ல தடை சுழியமா இருந்தாத்தான் பீப் வரும்னு கிடையாது, 30, 50 ஓம் இருந்தாலும் அடிக்கும். பெரிய கெப்பாசிட்டர் இருந்தா, அது சார்ஜ் ஆகுற கொஞ்ச நேரத்துக்கு 'பிக்'குன்னு ஒரு சத்தம் வந்து நின்னுடும். அதுவும் ஷார்ட் இல்ல.

அதனால 200 ஓம் ரேஞ்சுக்கு மாத்துங்க. முதல்ல ரெண்டு ப்ரோபையும் ஒண்ணோடொண்ணு தொட வைங்க. 0.3, 0.4-னு ஏதாவது காட்டும், அது ப்ரோப் ஒயரோட சொந்தத் தடை. அதைக் கழிச்சுக்குங்க. இப்போ பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளங்க.

கழிச்ச பிறகு ஒரு ஓமுக்கும் கீழே நின்னா, உலோகத்தோட உலோகம் நேரா தொடுது. சில பத்து ஓம் காட்டினா, ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கலாம், இல்ல திருப்பி மாட்டியிருக்கலாம். ப்ரோபை மாத்தி வச்சு அளந்து பாருங்க, ரெண்டு பக்கமும் வேற வேற அளவு வந்தா நடுவுல டயோடு மாதிரி ஏதோ இருக்கு. சில நூறு ஓம், கிலோ ஓம்னா பெரும்பாலும் பயமில்லை. சின்ன 12 வோல்ட் ரிலே காயிலே 400 ஓம் கிட்ட இருக்கும். ஆனா பம்ப் மோட்டாரை இணைச்சபடி அளக்காதீங்க. அதுக்கே சில ஓம்தான், ஷார்ட் மாதிரியே ஏமாத்தும்.

எங்க 3.3 வோல்ட் லைன்ல கழிச்சது போக 0.1 ஓம். சந்தேகமே இல்ல, உலோகத்தோட உலோகம். 5 வோல்ட் லைனை அளந்தேன், சுத்தமா இருக்கு. இது பெரிய தகவல். ஏடிமெகா, ரிலே டிரைவர் எல்லாம் விடுதலை. தேட வேண்டிய இடம் பாதியாச்சு.

பாதி பாதியாப் பிரிங்க

எங்கேயோ இருக்குன்னு முழுப் போர்டையும் முறைச்சுப் பார்க்கிறதுல பிரயோஜனம் இல்ல. லைனை நடுவுல ஒரு இடத்துல பிரிச்சு, ரெண்டு பக்கமும் அளங்க. எந்தப் பக்கம் ஷார்ட்டோ, அதை மறுபடி ரெண்டாப் பிரிங்க. 16 இணைப்பு இருந்தா நாலு தடவையில வந்துடலாம்.

பிரிக்கிறதுன்னா உடனே அயர்ன் எடுக்கணும்னு இல்ல. ஐசி பேஸ்ல இருக்கிற ஐசியைக் கழட்டுங்க, அளங்க. பெர்க் ஸ்டிரிப்ல மாட்டின மாட்யூலைக் கழட்டுங்க, அளங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். இதனாலதான் நான் இப்பல்லாம் ஐசி பேஸ் இல்லாம எதையும் வைக்கிறதில்ல. பவர் லைனை ஒரே ஓட்டமா இழுக்காம, நடுவுல ரெண்டு இடத்துல ஜம்பர் விடுறேன்.

எங்க போர்டுல ஏடிமெகாவையும் ஈஎஸ்பியையும் எடுத்தாச்சு. கெப்பாசிட்டர் ஏற்கெனவே போயாச்சு. இருந்தும் 0.1 ஓம். இனிமே பிரிக்கணும்னா ஒயரை வெட்டணும். மணி பதினொண்ணரை.

வெட்டாமக் கண்டுபிடிக்கிற வழி

நல்ல ஒயர்னாலும் அதுக்கும் சின்னத் தடை உண்டு. அது வழியா கொஞ்சம் கரண்ட் விட்டா, ஷார்ட் இருக்கிற இடத்தை நெருங்க நெருங்க வோல்டேஜ் குறைஞ்சுக்கிட்டே வரும். ஷார்ட்டைத் தாண்டிப் போனா மாறாம நிக்கும், ஏன்னா அதுக்கு அப்பால கரண்டே போகல. மாம்பழ வாசனையைப் பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி, மில்லிவோல்ட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகலாம்.

கரண்ட் லிமிட் வைக்கிற பென்ச் சப்ளை இருந்தா ஒரு வோல்ட், 0.1 ஆம்பியர்னு வச்சா முடிஞ்சது. என்கிட்ட இல்ல. மிச்சம் இருந்த ஒரு எல்எம்317-ஐ பிரெட் போர்டுல குத்தி, அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவுல 12 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். அந்த ஐசி இந்த ரெண்டு காலுக்கு நடுவுல எப்பவும் 1.25 வோல்ட் வச்சுக்கும். 1.25-ஐ 12-ஆல் வகுத்தா 0.1 ஆம்பியர் சொச்சம். அட்ஜஸ்ட் கால்ல இருந்து எடுத்தா அதுதான் நம்ம நிலையான கரண்ட். உள்ளே 5 வோல்ட் போன் சார்ஜர். போர்டுல ஐசி, மாட்யூல் எல்லாத்தையும் கழட்டின பிறகுதான் இதைப் பண்ணணும்.

அதை ஈஎஸ்பி பேஸோட 3.3 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் குடுத்தேன். மீட்டர் 200 மில்லிவோல்ட் ரேஞ்ச். கறுப்பு ப்ரோப் கிரவுண்டுல ஒரே இடத்துல. சிவப்பை நகர்த்தினேன்.

ஈஎஸ்பி பேஸ்ல 9.4 மில்லிவோல்ட். கெப்பாசிட்டர் இருந்த இடத்துல 7.1. ரெகுலேட்டரோட அவுட்புட் கால்ல 3.2.

கெப்பாசிட்டர் இடத்துல ஷார்ட்னா, 7.1-லயே நின்னிருக்கணும். நிக்கல. அதையும் தாண்டி இறங்கிப் போகுது. நான் யார் மேல பழி போட்டேனோ, அவங்க வேலை அந்த இடத்துலயே நிரபராதின்னு மீட்டர் சொல்லிடுச்சு.

ரெகுலேட்டர் கால் கிட்ட குனிஞ்சு பார்த்தேன். சால்டர் வழியல. இழை இல்ல. அப்புறம் சும்மா சிவப்பு ப்ரோபை எல்எம்317-ஓட முதுகு உலோகத்துல வச்சேன். இன்னும் குறைஞ்சுது. ஹீட் சிங்க்ல வச்சேன். இன்னும் குறைஞ்சுது.

அப்போதான் உறைச்சுது.

7805-ஓட முதுகு உலோகம் உள்ளுக்குள்ள கிரவுண்டு காலோட இணைஞ்சது. எல்எம்317-ஓட முதுகு உலோகம் அவுட்புட் காலோட இணைஞ்சது. ரெண்டையும் ஒரே அலுமினியத் துண்டுல, நடுவுல எதுவும் வைக்காம, ஸ்க்ரூ போட்டு நல்லா இறுக்கி முடுக்கினது நான். 3.3 வோல்ட்டைக் கிரவுண்டோட கட்டிப் போட்டது நான்.

ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். பீப் நின்னுச்சு. முடுக்கினேன். பீப். நாலு தடவை பண்ணிப் பார்த்தேன், நம்பவே முடியாம.

சரி பண்ணினது

போர்டுல சரி பண்றது சுலபம். மைக்கா ஷீட் ஒண்ணு, ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ் ஒண்ணு. சில்லறைக் காசு. மைக்காவை முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவுல வச்சு, புஷ்ஷைத் துளையில நுழைச்சு முடுக்கிட்டு, முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவுல பீப் வரலைன்னு உறுதி பண்ணணும். ஷீட் இருந்தும் புஷ்ஷை விட்டுட்டா ஸ்க்ரூ வழியா அதே ஷார்ட் வந்துடும். சில ஹீட் சிங்க்ல கறுப்புப் பூச்சு இருக்கும், அதை நம்பாதீங்க. ஸ்க்ரூ கீறிக்கிட்டு உள்ளே போயிடும். அந்த நேரத்துக்கு என்கிட்ட மைக்கா இல்லாததால, இன்னொரு சின்ன ஹீட் சிங்க் தேடித் தனித்தனியா மாட்டினேன். உரிஞ்சு போன புள்ளிகளுக்கு ஒயர் இழுத்து, கெப்பாசிட்டரைத் திரும்ப வச்சேன். என் சால்டரிங், அசிங்கமா இருந்துச்சு.

காலையில அவங்க வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல திருப்பிப் பார்த்தாங்க. நான் நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு: "அளந்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

ரிவ்யூ முடிஞ்சுது. பம்ப் ஓடுச்சு. ஆனா எங்களுக்குள்ள பழையபடி பேச்சு வர ரெண்டு மாசம் ஆச்சு.

அன்னைக்கு நான் தப்பா அளக்கல. பீப் கேட்டது நிஜம். 'இங்கே ஷார்ட் இருக்கு'ன்னு மட்டும்தான் மீட்டர் சொல்லுச்சு. 'இவங்கதான் பண்ணினாங்க'ங்கிறதை நானாச் சேர்த்துக்கிட்டேன். ரெண்டு மாற்றம் நடந்திருக்கு, ஒண்ணு என்னுது, ஒண்ணு அவங்களுது. என்னுதைக் கணக்குலயே எடுக்கல. ஸ்க்ரூ முடுக்குறதுல என்ன தப்பு வந்துடப் போகுதுன்னு ஒரு எண்ணம்.

அதனால இப்போ எந்த ஷார்ட் வந்தாலும், மீட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுவேன்: கடைசியா நல்லா ஓடினது எப்போ? அதுக்கப்புறம் என்னென்ன மாறுச்சு? அந்தப் பட்டியல்ல முதல் வரி எப்பவும் நான் பண்ணினது.

அடுத்த தடவை பவர் குடுக்கிறதுக்கு முன்னாடி

தம்பி, உங்களுக்குச் சுருக்கமா. ஒவ்வொரு பகுதி சால்டர் பண்ணி முடிச்சதும் பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளந்து, தேதியோட எழுதி வைங்க. எல்லாத்தையும் முடிச்சுட்டு அளந்தா நூறு ஜாயின்ட்ல தேடணும். அப்பப்போ அளந்தா கடைசி அஞ்சுல தேடினாப் போதும். முதல் தடவை பவர் குடுக்கும்போது ஐசி எல்லாம் வெளியே இருக்கட்டும், ரெகுலேட்டர் அவுட்புட் சரியா வந்த பிறகு மாட்டுங்க. 12 வோல்ட் போர்டுன்னா, ப்ளஸ் ஒயர்ல ஒரு 12 வோல்ட் 5 வாட் பைக் பல்பை வரிசையா இணைச்சுக்குங்க. ஷார்ட் இருந்தா பல்ப் பளிச்சுன்னு எரியும், கரண்ட் 0.4 ஆம்பியர் சுமாருக்கு மேல நிலைச்சுப் போகாது. போர்டு தப்பிக்கும்.

ஒருவேளை கூட ஒருத்தர் சேர்ந்து வேலை செஞ்சிருந்தா, மீட்டரை அவங்க கையில குடுத்து, "வா, சேர்ந்து தேடுவோம்"னு கூப்பிடுங்க. நான் அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா ஒன்பதரை ட்ரெயினுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

போர்டு ஓடினதும் மறுபடி ஒரு வாய்ஸ் நோட் போடுங்க தம்பி. காத்துக்கிட்டு இருக்கேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே!